கடல்பாசி எடுக்கப் போகிற வீட்டில் தாய்ப்பால்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பாம்பன் மருமகள்:
என் மாமியார் பாசி எடுத்தவர். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற பாசி வகைகளை எடுக்கக் காலையில் கடலில் இறங்கினால் கரையேற மதியம் ஆகிவிடும். கரையோரம் எடுக்கும் நாளில் இடையில் ஏறி வந்து, அப்பத்தா மடியிலிருந்த என் வீட்டுக்காரருக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப இறங்குவாராம். தீவுப் பக்கம் வள்ளத்தில் போனால் அதுவும் இல்லை, சீனித் தண்ணிதான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கணுமாம் என்றேன். "பால் இருந்துச்சுடி, நான்தான் வீட்டுல இல்ல" என்றார்.

நான் கடலுக்குப் போகவில்லை, எனக்குத் தடை வேறு மாதிரி. ஆபரேஷன். தமிழ்நாட்டில் 2015-16இல் 34 சதவீதமாக இருந்த சிசேரியன் 2019-21இல் 45 சதவீதத்தை நெருங்கிவிட்டது. தையல் வலியில் திரும்பிப் படுக்க முடியாமல் கிடந்தபோது, பிள்ளைக்கு டப்பா பாலைக் கரைத்துக் கொடுத்துவிட்டார்கள். பிறந்த பிள்ளை நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்கும் சேனைக்குச் சீனித் தண்ணியோடு ஒரு பெரியம்மா வேறு! நல்லவேளை, ராத்திரி டூட்டி நர்ஸ் அக்கா என்னைச் சாய்த்து உட்காரவைத்துப் பிள்ளையை மார்பில் போட்டார். அந்தக் காலத்தில் ஆகாது என்று பீய்ச்சிக் கொட்டிய முதல் பால், அந்தச் சீம்பால், என் மகளுக்குக் கிடைத்தது.

அப்புறம் பால் ஊறட்டும் என்று காரல் மீன் குழம்பு, பால்சுறாப் புட்டு, பூண்டு என்று ஒரே விருந்து. ருசிக்குக் குறையில்லை. ஆனால் பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும் என்று நர்ஸ் அக்கா சொன்னதைத்தான் நான் நம்புகிறேன்.

கீழக்கரை லாத்தா:
எங்கள் ஊரில் கல்யாணமானாலும் பெண்கள் பெரும்பாலும் உம்மா வீட்டை ஒட்டியேதான் இருப்போம். ராத்திரி பிள்ளை அழுதால் தூக்க ஆள் உண்டு. இரண்டு முழு வருடம் பாலூட்டலாம் என்று குர்ஆனிலேயே இருப்பதால் சீக்கிரம் நிறுத்தச் சொல்லி யாரும் நச்சரிப்பதில்லை. டப்பா பால் இங்கேயும் உண்டு, மறைக்கவில்லை.

தொண்டிக்காரி:
2015இல் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை திறந்தார்களே, நான் போன ஓர் ஊரில் அது பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டினார்கள். கடைசியில் பஸ்ஸின் பின்சீட்டில் முந்தானையை மூடிக் கொடுத்தேன். பாசிக்குப் போகிறவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

பாம்பன் மருமகள்:
என் மதினி போகிறாள். கிளம்பும்முன் ஒருமுறை கொடுத்துவிட்டு, மீதியைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் மூடி வைக்கிறாள். நம்ம வெக்கைக்கு வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்றிருக்கிறார் நர்ஸ். மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் புகட்டுவது மாமியார்தான்.