தாயின் ரத்தத்தில் மூளைப் புரதங்கள்: அளவு எங்கே ஏமாற்றும்?

ஆய்வகத்திலிருந்து:

பி.டி.என்.எஃப். (நரம்பணுக்களின் வளர்ச்சிக்கு உதவும் புரதம்) பார்க்கச் சொல்லி மாதிரி வந்தால் முதலில் எந்த டியூப் என்று பாருங்கள். ரத்தத்தில் இந்தப் புரதத்தின் பெரும்பகுதி தட்டணுக்களுக்குள் இருக்கிறது. ரத்தம் கட்டியாக உறையும்போது வெளியே வந்துவிடும். அதனால் பிளாஸ்மாவைவிட (உறையவிடாமல் பிரித்த திரவம்) சீரத்தில் (உறைந்தபின் பிரியும் திரவம்) பல மடங்கு கூடுதலாகக் காட்டும். ஒரே கர்ப்பிணிக்கு ஒரு முறை சீரம், அடுத்த முறை பிளாஸ்மா எடுத்துவிட்டு "குறைந்திருக்கிறது" என்று எழுதுவது பெரிய தவறு. சீரம் என்றால் அறை வெப்பத்தில் உறையவிடும் நேரமாக 30 முதல் 60 நிமிடத்துக்குள் ஒன்றை முடிவு செய்து, எல்லா மாதிரிக்கும் அதையே வையுங்கள். பிளாஸ்மா என்றால் இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) டியூப், மேலே தெளிந்ததைப் பிரித்து இன்னொரு முறை சுழற்றுங்கள். தங்கிவிட்ட தட்டணுக்கள் குளிரில் உறையவைத்த மாதிரி உருகும்போது உடைந்து அளவை ஏற்றிவிடும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தட்டணு எண்ணிக்கையே சற்று இறங்கும் என்பதால் அதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

அதே மேசை, வேறொருவர்:

என்.எஸ்.இ. என்ற நரம்பணு என்சைமை அளக்கும்போது எதிரி சிவப்பணு. அதற்குள்ளும் இந்தப் புரதம் உண்டு. சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அளவு பொய்யாக ஏறும். பெரும்பாலும் சிரிஞ்சை வேகமாக இழுத்ததோ டியூபைக் குலுக்கியதோ காரணம். மறுபடி எடுங்கள். ஆனால் நிதானமாக எடுத்த இரண்டாவது மாதிரியும் சிவந்தே வந்தால், தயவுசெய்து மூன்றாவதுக்குக் காத்திருக்காதீர்கள். கர்ப்பிணியின் உடலுக்குள்ளேயே சிவப்பணு சிதைகிறதோ, ஹெல்ப் சிண்ட்ரோமோ (சிவப்பணு சிதைந்து, கல்லீரல் பாதித்து, தட்டணு குறையும் கர்ப்பகால ஆபத்து) என்று சந்தேகிக்க வேண்டும். உடனே வார்டுக்கு போன் போட்டு ரத்த அழுத்தம், தட்டணு, கல்லீரல் என்சைம், எல்.டி.எச். (செல்கள் சிதைந்தால் ஏறும் என்சைம்) பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மூளைப் புரதத்தைவிட இந்தத் தகவல்தான் தாயையும் குழந்தையையும் காப்பாற்றும்.

எஸ்100பி என்ற மூளைப் புரதம் கொழுப்புத் திசுவிலிருந்தும் வரும். நியூரோஃபிலமென்ட் லைட் (நரம்பிழை சேதமடைந்தால் ரத்தத்தில் கசியும் புரதம்) முன்சூல்வலிப்பில் (கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோய்) ஏறுவது தெரிந்ததுதான். சிறுநீரகம் தளர்ந்தாலும் அது ஏறும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் இல்லாமல் படிக்காதீர்கள்.

பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து:

தாயின் ரத்தத்தில் உள்ள அளவு குழந்தையின் மூளையைப் பற்றிய தீர்ப்பல்ல. தொப்புள்கொடியில் எடுத்தாலும் தமனியா சிரையா என்று எழுதுங்கள்: தமனி ரத்தம் குழந்தையிடமிருந்து வருகிறது, சிரை ரத்தம் நஞ்சுக்கொடியிலிருந்து. கொடியைப் பிழிந்து எடுக்காதீர்கள், சிவப்பணு உடையும். மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தையை மூளையைக் காக்கக் குளிர்விப்பதா என்பதை 6 மணி நேரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். அதற்குக் கொடி ரத்த பி.எச். (அமிலத்தன்மை), அப்கார் (பிறந்தவுடன் குழந்தையின் நிலைக்குத் தரும் மதிப்பெண்), நரம்புப் பரிசோதனை போதும். புரத முடிவுக்காக அந்த நேரத்தை இழக்கக் கூடாது.