வேலையே போனில்தான் என்றால் கவனத்தை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கல்லடியிலிருந்து:

வணக்கம். மூன்று பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். மருதமுனைக் கைத்தறிச் சாரி விற்கும் ஒரு கடை, பாசிக்குடாவில் ஒரு தங்குமிடம், வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு அக்கா. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் நான்தான் ஆள். "போனைக் கொஞ்சம் கீழே வை" என்று வீட்டில் யாராவது சொன்னால் கோபம் வரும். வயல்காரனைப் பார்த்து வயலுக்குப் போகாதே என்று சொல்வது போல இருக்கும்.

போன ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். செங்கலடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டிலிருந்து சாரிக் கடைக்குச் செய்தி வந்தது. ஒரே கரை, வேறு வேறு நிறம், 11 சாரி வேண்டுமாம். உடனே திறந்தேன். "ஓம் அக்கா, கடையில கேட்டுட்டுச் சொல்றேன்" என்று பதிலும் போட்டேன். கடைக்கு எழுத ஒரு படி பின்னால் வந்தபோது ஒரு ரீல் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன், அடுத்ததையும் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் அந்த 11 சாரி நினைவுக்கு வந்தது. அவர்கள் வேறு இடத்தில் எடுத்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த நாளில் போன் என் கையில் இருந்தது ஆறு மணித்தியாலத்துக்கு மேல். போனே கணக்குக் காட்டியது. அவ்வளவு நேரம் வைத்திருந்தும் அதில் வந்த ஒரே பெரிய வேலையைத் தவறவிட்டிருக்கிறேன். கடைக்காரர் ஏசவில்லை. "பரவாயில்ல தங்கச்சி" என்றார். 11 சாரி என்றால் தறியில் எத்தனை நாள் வேலை என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் 'பரவாயில்ல' இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வாரம் நெசவைப் படம் பிடிக்க மருதமுனைக்குப் போனேன். ஒரு ராத்தா (முஸ்லிம் அக்கா) தறியில் இருந்தார். கால் மிதிக்க மிதிக்க, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. நடுவில் சட்டென்று நிறுத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் ஓரமாக ஒரு நூல் அறுந்து தொங்குகிறது. இரண்டு விரலால் எடுத்து, முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கிள்ளிவிட்டுத்தான் மறுபடி மிதித்தார். "நூல் அறுந்தா தறி சொல்லாது மகள், கண்தான் பாக்கணும்" என்றார். அவருடைய போன் ஜன்னலோரம் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தது. அந்த அரை மணி நேரத்தில் என் போன் எத்தனை தரம் அதிர்ந்தது என்று நான் எண்ணவில்லை. ராத்தா ஒவ்வொரு தரமும் என் பையைத் திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சாரிக்கு முந்தானை என்று ஒரு முடிவு இருக்கிறது, அங்கே வந்ததும் அறுத்து எடுக்கிறார்கள். நான் வேலை செய்யும் போன் பக்கத்துக்கு முடிவே கிடையாது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006 இல் வடிவமைத்தவர் ஆசா ரஸ்கின். அதற்காக வருந்துவதாக அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். செய்தவரே அப்படிச் சொல்லும்போது, எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று என்னையே ஏசிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று பட்டது. வேலைக்குப் போகும் வாசலும் பராக்குப் பார்க்கப் போகும் வாசலும் ஒன்றாக இருந்ததுதான் என் கரைச்சல்.

அதனால் வாசலைப் பிரித்தேன். பதிவுகளையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில், கடைப் பக்கங்களை நடத்துவதற்கான மெட்டா பிஸ்னஸ் சூட்டில் போடுகிறேன். திங்கட்கிழமை உட்கார்ந்தால் முழு வாரத்துக்கும் நேரம் குறித்து வைத்துவிடலாம். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டின் செய்திகளும் அங்கேயே ஓரிடத்தில் வரும். ரீல் கண்ணில் படாமலே பதில் எழுதலாம். பாட்டுச் சேர்த்து ரீல் போடுவதற்கு மட்டும் போன்தான் வசதி. அதற்கு கண்ணாடி வெடித்த பழைய போன் ஒன்றை, சிம் இல்லாமல், அலுமாரியில் வைத்திருக்கிறேன். என் சொந்தப் போனில் பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் இல்லை.

இன்னொன்று, ஒரு கொப்பி. பழைய போனை எடுக்க முன் எதற்காக எடுக்கிறேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். "பாசிக்குடா, அறைப் படம் 3" என்பது போல. வேலை முடிந்ததும் அந்த வரியை வெட்டிவிட்டு போனை உள்ளே வைப்பேன். முதல் வாரம் கை நேரே அலுமாரிக்குத்தான் போனது. கொப்பி திறந்திருந்ததால் நின்றேன்.

உங்களுக்கு எது சரிவந்தது? சரிவராததையும் எழுதுங்கள்.

பொத்துவிலிலிருந்து:

அறுகம்பையில் ஒரு தங்குமிடத்துக்குப் பதில் சொல்வது என் வேலை. சீசன் மே தொடங்கி செப்டம்பர் வரை. எனக்குப் பகல் பிரச்சினையில்லை, இரவுதான். ஜெர்மனியில் இரவு பத்து மணிக்கு ஒருவர் அறை கேட்டால் கோடையில் அது நமக்கு அதிகாலை ஒன்றரை. சிட்னியில் விடியற்காலை ஏழு மணி என்றால் நமக்கு இரண்டரை. வேலைக்குச் சேர்ந்த முதல் சீசன் முழுக்கத் தலையணைக்குக் கீழே போன். பதில் எழுத இரண்டு நிமிடம்தான். அதற்குப் பிறகு தூக்கம் வராமல் ஒரு மணித்தியாலம் சர்ஃபிங் வீடியோ பார்த்துக்கொண்டு கிடப்பேன். காலையில் சுபஹுத் தொழுகைக்கு எழும்ப ஏலாது. உம்மா கதவைத் தட்டித் தட்டிக் களைத்துப்போவார்.

வாட்ஸ்அப் பிஸ்னஸில் நாம் இல்லாத நேரத்துக்குத் தானாகப் போகும் செய்தி வைக்கும் வசதி இருக்கிறது. இரவு பத்து மணி முதல் காலை ஆறரை வரை அதைப் போட்டேன். அறை விலை, மட்டக்களப்பிலிருந்து வரும் வழி, "இலங்கை நேரம் ஏழு மணிக்குப் பதில் தருவோம்" என்று மூன்றே வரி. விருந்தினர் போய்விடுவார்கள் என்று முதலாளி பயந்தார். ஒரு மாதம் பார்ப்போம் காக்கா (அண்ணன்) என்றேன். மாத முடிவில் அவரே ஒன்றும் கேட்கவில்லை. ஏழு மணி என்று சொன்னால் ஏழு மணிக்கு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

நான் கொஞ்சம் மாறாகச் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்ச் செய்திப் பக்கத்தை நடத்தும் மூவரில் நானும் ஒருத்தி. 2024 நவம்பர் வெள்ளத்தில் அந்தக் கொப்பி முறையெல்லாம் நடந்திருக்காது. எந்த வீதியில் தண்ணீர், எந்தப் பாடசாலையில் சாப்பாடு, அம்மாவைக் கூட்டிவர உழவு இயந்திரம் கிடைக்குமா என்று இரவு முழுக்கக் கேட்டார்கள். போனைக் கீழே வைத்திருந்தால் அது பாவம்.

ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும் என் கை நிற்கவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகும் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்ப்பேன். ஒன்றுமே வந்திருக்காது. மகன் கணக்குக் கொப்பியை நீட்டிக்கொண்டு நிற்பான், நான் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டிருப்பேன். "அம்மா, இப்ப வெள்ளம் இல்லதானே?" என்றான் ஒருநாள். எட்டு வயதுப் பிள்ளை. நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டேன்.

இப்போது மூவரும் முறை வைத்துக்கொண்டோம். என் முறை இல்லாத நாளில் அவசரம் என்றால் மற்ற இருவரும் அழைப்பு எடுப்பார்கள். மணி அடித்தால் மட்டும் எடுக்கிறேன்.

சம்மாந்துறையிலிருந்து:

இரண்டாவது போன் எனக்குச் சரிவரவில்லை. இரண்டிலும் பார்த்தேன். கொப்பியை முயற்சி செய்யலாம் என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை வரி வரும் கல்லடி அக்கா?

கல்லடியிலிருந்து:

களுவாஞ்சிக்குடி அக்கா, நீங்கள் சொன்னது சரி. அந்த வெள்ள நாட்களில் நானும் போனைக் கீழே வைக்கவில்லை, கீழே வைத்திருக்கவும் கூடாது. முறை வைப்பதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. கேக் அக்காவின் மகளிடம் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

சம்மாந்துறைத் தம்பி, தொடக்கத்தில் முப்பது வரி வந்தது. நேற்று 14. அதில் இரண்டு வரி வெறும் கோடுதான், எதற்கு எடுக்கப் போனேன் என்று எழுத ஒன்றும் இருக்கவில்லை. அந்த இரண்டு தரமும் அலுமாரியைத் திறக்கவில்லை.