டீசல் தாங்கிக்கு அமிலம் அடிக்கலாமா?

நெடுஞ்சாலை401:
குளிர்காலம் முடிந்து கனடாவின் ஒன்ராறியோச் சாரதிகள் எல்லோரும் டிரக்கைக் கழுவத் தொடங்கியிருக்கும் நேரம் இது. பனிக்காகச் சாலையில் கொட்டும் உப்பில் வெளிறிப்போன அலுமினிய டீசல் தாங்கிக்குப் பிரைட்னர் என்ற, அலுமினியத்தைப் பளிச்சிட வைக்கும் அமிலத் திரவத்தை அடித்து, அரை நிமிடம் விட்டுக் கழுவினால் மெருகு தானாக வந்துவிடும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். அமிலத்தால் மெருகு வராது. அந்தத் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அது மேலேயுள்ள ஆக்சைடை மட்டுமல்ல, அதன் அடியிலுள்ள உலோகத்தையும் சேர்த்தே கரைக்கும். நுரைத்து வெள்ளையாகத் தெரிவது அரிப்பு, சுத்தமல்ல.

வெள்ளிச்சில்லு:
அந்த "ஒருவர்" நான்தான்; பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். பிரைட்னர் அடித்துக் கொடுக்கும் கழுவுமிடங்கள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அறிவில்லாதவர்கள், நீங்கள் ஒருவர்தான் இரசாயனப் பேராசிரியர், அப்படித்தானே? நான் அரை நிமிடம் என்று எழுதினேன், அரை மணி நேரம் என்று எழுதவில்லை.

நெடுஞ்சாலை401:
அரை நிமிடமே போதும், ஐயா. கண்ணாடிபோல் மெருகேற்றிய பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுந்துவிட்டால் ஒளி சிதறும். அதைத்தான் நீங்கள் வெண்மை என்று கொண்டாடுகிறீர்கள். வெயிலில் நின்று சூடேறிய தாங்கியில் அடித்தால், கழுவுவதற்கு முன்பே காய்ந்து, வழிந்த கோடுகள் அப்படியே பதிந்துவிடும். பிறகு அவற்றை எந்தப் பொலிஷும் எடுக்காது, அரத்தாளில்தான் தொடங்க வேண்டும். சோப்புத் தண்ணீரால் உப்பையும் எண்ணெயையும் போக்கிய பின், 400, 600, 800, 1000 என்று எண் கூடக்கூட நுண்மையாகும் அரத்தாள்களால் ஈரத்தோடு தேய்த்துக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளின் கீறலுக்குக் குறுக்காக இழுத்து, பழைய கீறல் முழுவதும் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். அதன்பின் துணியில் தடவி மெருகேற்றும் கட்டிகள்: முதலில் பழுப்பு டிரிப்பொலிக் கட்டி, கடைசியில் வெள்ளைக் கட்டி. துணி கன்னங்கரேலென்று ஆனால் வேலை நடக்கிறது என்று பொருள்.

பனிச்சாரதி:
கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் நீர்த்த நிலையில் பட்டால் உடனே எரியாது; பல மணி நேரம் கழித்தே வலி தொடங்கும், அதற்குள் அது உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தோடு சேர்ந்துவிடும். என்னோடு ஓடிய ஒருவர் கிழிந்த கையுறையோடு கழுவிவிட்டு, இரவு நகத்தடி வலியில் மருத்துவமனைக்கு ஓடினார். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு பக்கத்தில் இல்லாமல் அந்தப் போத்தலைத் திறக்கவே கூடாது.

வெள்ளிச்சில்லு:
கையுறை கிழிந்திருந்தது கையுறையின் குற்றம், அரை நிமிடத்தின் குற்றமல்ல. அதிருக்க, சென்ற ஆண்டு இதே 401 அவர்கள் சில்லுகளை எஃகுப் பஞ்சால் தேய்க்கச் சொன்னதை இங்கே யாராவது மறந்துவிட்டீர்களா? அந்தத் துணுக்குகள் அலுமினியத்தில் புதைந்து, முதல் மழையிலேயே செம்புள்ளிகளாகப் பூத்ததை நான் படமெடுத்துப் போட்டேன். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

நெடுஞ்சாலை401:
மிக நுண்ணிய 0000 பஞ்சு என்று தெளிவாக எழுதியிருந்தேன். நீங்கள் சட்டி தேய்க்கும் பஞ்சை எடுத்திருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. பேச்சை மாற்ற வேண்டாம். வெள்ளையாகத் தெரிவது அரிப்பு.

புதுலைசன்ஸ்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் டிரக்கில் இருப்பவை அல்கோவாவின் டியூரா-பிரைட் சில்லுகள். அவற்றுக்கு அமிலமா, அரத்தாளா?

நெடுஞ்சாலை401:
இரண்டும் வேண்டாம், தம்பி. அவற்றின் பரப்பு தொழிற்சாலையிலேயே பதப்படுத்தப்பட்டது. அரத்தாளும் பொலிஷும் அதைத் தின்றுவிடும், அமிலமும் கெடுத்துவிடும். மென்மையான சோப்பும் தண்ணீரும் போதும். நான் சொல்லும் முறை பூச்சில்லாத வெறும் அலுமினியத்துக்கு மட்டுமே.

வெள்ளிச்சில்லு:
இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே! உங்கள் அரத்தாள் பட்டியலைப் பார்த்து எத்தனை பேர் பதப்படுத்திய சில்லைச் சுரண்டினார்களோ. ஒரு தாங்கியை மெருகேற்ற ஒரு நாள் முழுவதும் முழங்காலில் நிற்கச் சொல்கிறீர்கள்; கிலோமீற்றர் கணக்கில் சம்பளம் வாங்கும் சாரதிக்கு அந்த நாளின் கூலியை யார் தருவார்? உங்கள் மச்சானின் பொலிஷ் கடைதானே?

நெடுஞ்சாலை401:
மச்சானின் கடையை இழுப்பதிலிருந்தே உங்களிடம் வேறு வாதம் இல்லை என்பது தெரிகிறது. உப்பு அலுமினியத்தில் குழி பறிக்கும். அமிலம் அந்தக் குழியை அகலமாக்கும். அமிலம் அடித்த தாங்கி அடுத்த குளிர்காலத்துக்குள் முன்பைவிட மோசமாகப் பூத்துப்போகும். உங்கள் தாங்கியைக் கழுவிய அன்றல்ல, ஒரு மாதம் ஓடிய பிறகு, வெயிலில், பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தைப் போடுங்கள்.

வெள்ளிச்சில்லு:
போடுகிறேன். எஃகுப் பஞ்சால் தேய்த்த உங்கள் சில்லின் படத்தை நீங்கள் முதலில் போடுங்கள்.