நிலையான வளர்ச்சி இலக்குகளும் ஊராட்சிப் பதிவேடுகளும்: பயிற்சி அனுபவங்கள்

பகிர்வு 1 (முன்னாள் பயிற்றுநர், தமிழ்நாடு)

ஊராட்சிச் செயலர்களுக்கும் மண்டலத் துணை வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்கும் நிலையான வளர்ச்சி இலக்குகள் குறித்த பயிற்சியை அளித்திருக்கிறேன். ஐ.நா. 2015இல் ஏற்ற 17 இலக்குகளை ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் 9 கருப்பொருள்களாகத் தொகுத்திருப்பதை விளக்கும் அமர்வில் அனைவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "இதற்குத் தனி நிதி உண்டா?" என்று ஒருவர் கேட்ட பிறகே வகுப்பு உயிர்பெறும். நியாயமான கேள்விதான். தனி நிதி கிடையாது. இருக்கும் திட்டங்களை ஒருங்கிணைத்தே செயல்பட வேண்டும்.

ஒருங்கிணைப்பைச் சொற்பொழிவால் கற்பிக்க முடியாது என்பது என் கருத்து. இரண்டாம் இலக்கான பட்டினி ஒழிப்பையே எடுத்துக்கொள்வோம். எடை குறைந்த குழந்தைகளின் விவரம் அங்கன்வாடிப் பதிவேட்டிலும், கர்ப்பிணிகளின் இரத்தசோகை விவரம் கிராம சுகாதார செவிலியரிடமும் இருக்கின்றன. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் செயலரிடமோ இரண்டும் இருப்பதில்லை. ஆகவே செயலரோடு அவர்கள் இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, தத்தம் பதிவேடுகளைக் கொண்டுவரச் செய்தோம். எந்தக் குடியிருப்பில் சிக்கல் குவிந்திருக்கிறது என்பது அன்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. (அவர்களை அனுப்பிவைக்கும்படி மூன்று துறைகளுக்கும் கடிதம் எழுதி இசைவு பெற்றதுதான் பயிற்சியைவிடப் பெரிய வேலை.)

பகிர்வு 2 (ஊராட்சிச் செயலர்)

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அந்த 9 கருப்பொருள்களிலிருந்து ஊராட்சிகள் தமக்கானதைத் தேர்ந்தெடுக்கும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். 2021–26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்பே வரையறுக்கப்பட்டிருந்தது. ஆகவே, நான் அறிந்த ஊராட்சிகள் பலவும் விவாதமின்றி 'நீர் நிறைவு' என்ற கருப்பொருளையே தேர்ந்தெடுத்து இணையதளத்தில் பதிவேற்றின. அது திட்டமிடல் ஆகாது. பணம் இருக்கும் தலைப்பை இலக்காக அறிவிப்பது.

எங்கள் பயிற்றுநர் அந்தத் தேர்வை மாற்றச் சொல்லவில்லை. தூய நீரும் துப்புரவும் பற்றிய ஆறாம் இலக்கைக் குழாய் இணைப்புகளின் எண்ணிக்கையால் அளக்காமல், ஜல் ஜீவன் திட்டம் கூறும் நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அளவு கோடையிலும் கடைசித் தெரு வரை சேர்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மேல்நிலைத் தொட்டி இயக்குபவரோடு தெருத்தெருவாகச் சென்று பட்டியல் எடுத்தோம். தாழ்வான தெருக்களுக்கே பெரும்பகுதி நீர் போய்க்கொண்டிருந்தது. கிராம சபையில் அப்பட்டியலை வாசித்த பின், புதிய தொட்டிக்கான முன்மொழிவை ஒத்திவைத்து, பழைய குழாய்ப் பாதையில் வால்வுகள் பொருத்தத் தீர்மானம் நிறைவேற்றினோம்.