முழு வேகத்தில் முழுச் சுக்கான்: கடல் சோதனை அனுபவங்கள்

ஓய்வுபெற்ற மாலுமி:
கடற்படையில் சுக்கான் பிடித்தவன் நான். புதுக் கப்பலின் கடல் சோதனையில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது வேக ஓட்டம் அன்று, திருப்பம்தான். முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது சுக்கானை ஒரேயடியாக 35 பாகை திருப்பச் சொல்லி ஆணை வரும். வலப்பக்கம் திருப்பினால் கப்பல் முதலில் வலப்பக்கமே சற்றுச் சாயும். சுக்கானின் மீது படும் விசை கப்பலின் அடிப்பகுதியில் இருப்பதுதான் காரணம். திருப்பம் பிடித்ததும் அப்படியே மாறி, வெளிப்புறமாக, இடப்பக்கம் சரியும். வயிறு கலங்குவது அந்த இரண்டாவது சாய்வில்தான். பயந்துபோய்ச் சுக்கானைச் சட்டென்று நடுவுக்குக் கொண்டுவந்தால் சாய்வு இன்னும் கூடும்; அதுவரை சாய்வை ஓரளவு தடுத்துக்கொண்டிருந்ததே அந்தச் சுக்கான்தான். அடுத்த ஆணை வரும்வரை கையை அசைக்காதே என்று எனக்குப் பழக்கிய மூத்த மாலுமியை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

கப்பல் கட்டும் தளப் பொறியாளர்:
அண்ணா சொல்லும் அந்த நேரத்தில் நாங்கள் கருவிகளின் முன்னால் இருப்போம். கப்பல் திரும்பும்போது போடும் வட்டத்தின் விட்டம், சாய்வுக் கோணம், வேகம் எவ்வளவு விழுகிறது என்று எல்லாம் பதிவாகும். வணிகக் கப்பல்களுக்குப் பன்னாட்டு அளவுகோலின்படி வட்டத்தின் விட்டம் கப்பல் நீளத்தில் 5 மடங்கைத் தாண்டக் கூடாது. போர்க்கப்பலிடம் அதைவிட அதிகம் எதிர்பார்க்கிறோம். நீருக்கடியில் பாய்ந்து வரும் டார்பிடோ குண்டு துரத்தினால் திரும்பித் தப்ப வேண்டுமே!

262 மீட்டர் நீளமுள்ள விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்த் 2022 ஜனவரியில் மூன்றாவது சோதனைக்காகக் கொச்சியிலிருந்து கிளம்பியது சிக்கலான திருப்பங்களைச் செய்து பார்க்கத்தான். விசாகப்பட்டினத்தில் உள்ள கடற்படை அறிவியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளும் அதில் பயணிப்பார்கள் என்று கடற்படை அறிவித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சிறு மாதிரியை நீர்த்தொட்டியில் ஓட்டி எத்தனை கணக்குப் போட்டாலும், உண்மைக் கப்பல் உண்மைக் கடலில் திரும்பிக் காட்டினால்தான் எங்களுக்கு நிம்மதி.

முன்னாள் கப்பல் சமையல்காரர்:
சமையலறையில் எங்களுக்கு வேறு வேலை. திருப்பத்துக்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுவோம். கொதிக்கும் சாம்பார் ஓர் ஆளின் மீது கொட்டினால் என்ன ஆகும்? அண்டாக்களைக் கயிற்றால் கட்டி, தட்டுகளை அலமாரிக்குள் பூட்டிவிடுவோம். அப்படியும் ஒரு முறை அலமாரிக் கதவு திறந்துகொண்டது. யாருக்கும் அடிபடவில்லை. சோதனை முடிந்ததும் அதிகாரிகள் வந்து எது எது நகர்ந்தது என்று விசாரித்து எழுதிக்கொண்டார்கள். அடுத்த ஓட்டத்துக்குள் அந்தக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் வந்துவிட்டது.