தகட்டில் இலக்கம் பிழை, வீசா மட்டும் சரி: இதைச் சமயம் என்பதா?

பாமன்கடையான் (ஞாயிறு, இரவு 9.12)

அத்தானுக்குக் கனடா வீசா கிடைத்துவிட்டது. மகிழ்ச்சி. ஆனால் அதற்கான புகழ் முழுவதும் ஒரு மாந்திரீகருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செப்புத் தகடு கொடுத்தவர் அவர். நேற்று அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து அதைப் பிரித்தேன். மஞ்சள் துணி, அதற்குள் மெழுகு, அதற்குள் பீடி போலச் சுருட்டிய செம்பு. ஆணியால் கீறிய கட்டங்கள், நடுவில் அத்தானின் கடவுச்சீட்டு இலக்கம். கடைசியில் 7 இருக்க வேண்டிய இடத்தில் 1 இருக்கிறது.

தகடு வேலை செய்திருந்தால், முகம் தெரியாத வேறு யாரோ அல்லவா ரொறன்ரோவில் இறங்கியிருக்க வேண்டும்?

பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் வாழ்ந்தது கொழும்பில் எங்கள் பாமன்கடைப் பக்கத்தில்தான். மோசடிக்கு இடமில்லாத சூழலில் ஓர் அற்புதம் செய்து காட்டுங்கள், ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று 1963 இல் சவால் விட்டார். 1978 இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை வென்றவர் எவருமில்லை. அந்தக் காலத்து ஒரு லட்சம்!

ஓய்வுபெற்ற ஆசிரியர் (இரவு 9.40)

தம்பி, இலக்கம் பிழைத்தால் தபால்காரர்தான் தடுமாறுவார், தெய்வம் தடுமாறாது என்று அக்கா சொல்வார். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

தகட்டை நானும் ஏற்கவில்லை. ஆறுமுக நாவலர் பலியிடுதலையே அவ்வளவு கடுமையாகக் கண்டித்த மரபு நம்முடையது. ஆனால் கோயிலையும் மாந்திரீகர் வீட்டு முன்னறையையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். நேர்த்தி வைப்பவர் காரியம் ஆன பிறகே காவடி எடுக்கிறார். உங்கள் மாந்திரீகர் முன்பணம் வாங்கிவிட்டார். வீசா நிராகரிக்கப்பட்டிருந்தால் திருப்பித் தந்திருப்பாரா?

பாமன்கடையான் (இரவு 9.58)

பணம் கொடுக்கும் தவணை மாறினால் சரக்கு மாறிவிடுமா, சேர்? இரண்டிலும் கேட்பது ஒன்றுதான்: எனக்கு இது வேண்டும், தா.

கொழும்பின் ஆடிவேல் விழா எப்படித் தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் கொலரா பரவியபோது கதிர்காம யாத்திரையை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. போக முடியாத கொழும்புச் செட்டிமார் செட்டியார் தெருவிலிருந்து இங்கேயே வேலை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். வேல் கொலராவை நிறுத்தவில்லை, கொலராதான் யாத்திரையை நிறுத்தியது.

கொரோனாவிலும் இதே கதை. 2020 டிசம்பரில், காளி சொல்லித்தந்ததாகக் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதற்கு முந்திய மாதம் மந்திரித்த நீர்ப் பானையை ஆற்றில் விட்டவர். பாணியையும் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று. சிங்களவர், தமிழர் என்று இதில் பேதமே இல்லை. நாட்டின் ஒற்றுமை இங்கேதான் இருக்கிறது போலும்.

மருதானை நானா (இரவு 10.21)

நான் பயண முகவர் நிலையத்தில் 14 வருடங்களாக வேலை செய்கிறேன். விண்ணப்பங்கள் கடதாசியில் போன காலத்தில் திருநீறு, சந்தனம், ஓதி ஊதிய தண்ணீர்த் துளி எல்லாம் பட்ட கோப்புகள் மேசைக்கு வரும். இப்போது இணையத்தில் பதிவேற்றுகிறோம், மஞ்சள் தடவ இடமில்லை. போன மாதம் ஓர் அம்மா என் ஸ்கேனரைச் சுற்றித் தேசிக்காயை மூன்று தரம் சுற்றிவிட்டு, மிக மரியாதையாக, "இனி அனுப்புங்கள் மகன்" என்றார். அனுப்பினேன்.

எங்கள் மார்க்கத்தில் சூனியம் ஏழு பெரும்பாவங்களில் ஒன்று. துஆ கேட்கலாம், சூனியம் கூடாது என்று சின்ன வயதிலேயே ஓதித்தருகிறார்கள். அப்படியிருந்தும் என் மாமிமார் தாயத்துக் கட்டுகிறவர் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். வீசா ஏன் கிடைக்கவில்லை என்றால் நிராகரிப்புக் கடிதத்திலேயே காரணம் எழுதியிருக்கும். அதை யாரும் வாசிப்பதில்லை, கண்ணூறு என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (இரவு 10.45)

நானா சொன்ன அம்மாவை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் முதலாம் உலகப் போர்க் காலத்தில் நியூகினிக்கு அருகேயுள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தார். அங்குள்ள மீனவர்கள் களப்பில் மீன் பிடிக்கும்போது மந்திரம் எதுவும் செய்வதில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் உள்ள திறந்த கடலுக்குப் போகும்போதுதான் விரிவான சடங்கு. அவர்களுக்கு வலையும் தெரியும், காற்றும் தெரியும். தெரிந்தது முடிகிற இடத்தில் மந்திரம் தொடங்குகிறது. மின்கட்டணம் கட்டப் போகிறவர் யாராவது வழியில் தேங்காய் உடைக்கிறாரா? நமக்கு வீசா அலுவலகம்தான் ஆழ்கடல்.

ஹிக்கடுவைக்கு அருகில் சீனிகம தேவாலயத்தில், பொருளைப் பறிகொடுத்தவர்கள் மிளகாய் அரைத்துத் திருடனைச் சபிக்கிறார்கள். நகை திரும்பி வருகிறதோ இல்லையோ, கத்தியைத் தேட வேண்டிய கை அம்மியில் கிடக்கிறது.

பாமன்கடையான் (இரவு 10.59)

மனம் ஆறுகிறது, சரி. அந்த ஆறுதலுக்கு 85,000 ரூபாயா? அத்தானின் இரண்டு மாதச் சம்பளம் அது. களப்பு மீனவரிடம் ஆழ்கடலைக் காட்டிப் பயமுறுத்திக் காசு பறிக்கிறவரைப் பற்றித்தான் நான் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமைக்காரி (திங்கள், காலை 6.30)

இரவு தூங்கிவிட்டேன், இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்தேன். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் முப்பது வருடங்களாகச் செவ்வாய்தோறும் போகிறேன். எனக்கு முன்னால் பொட்டு வைத்தவர் நிற்பார், பின்னால் வெள்ளைச் சேலை கட்டிய சிங்கள அம்மா நிற்பார். எல்லாரும் ஏதோ கேட்கத்தான் வருகிறோம், அதை மறைக்கவில்லை. என் மகன் உயர்தரப் பரீட்சை எழுதியபோது பதின்மூன்று செவ்வாய் போனேன். அவன் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகவில்லை. பதினான்காவது செவ்வாயும் போனேன்.

தம்பி சொல்கிறபடி தந்தால் சரி, தராவிட்டால் பொய் என்று கணக்குப் பார்த்தால் எங்கள் கோயில் எப்போதோ மூடியிருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21 இல் குண்டு வெடித்துச் செத்தவர்கள் உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள். ஜூனில் கோயில் மறுபடி திறந்தபோது சனம் வந்தது. நானும் போனேன். சோதனைச் சாவடியில் கைப்பையைத் திறந்து காட்டினேன், மெழுகுதிரியும் தண்ணீர்ப் போத்தலும்தான் இருந்தன. அன்று நான் எதையும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் வரவில்லை.

பாமன்கடையான் (காலை 7.15)

அக்கா, இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நான் பிடித்து வைத்திருந்த கேள்விக்குள் நீங்கள் சொல்வது அடங்கவும் இல்லை.

ஆனால் என் பிரச்சினை தீரவில்லை. தகட்டை முன்போலவே சுருட்டி, மெழுகை உருக்கி ஒட்டி வைத்துவிட்டேன். இலக்கம் பிழை என்று சொன்னால் என் அக்கா திருத்தித் தரச் சொல்லி அந்த மாந்திரீகரிடமே போவார், அதற்கும் கட்டணம் இருக்கும். இப்போது மருமகனுக்கு மாணவர் வீசா போடப் போகிறார்கள். போட்டி கூடிவிட்டதாம், இந்த முறை 120,000 கேட்கிறார்.

மருதானை நானா (காலை 7.32)

ஒன்றும் கொடுக்க வேண்டாம். மருமகனின் கோப்பை என்னிடம் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன். வங்கிக் கூற்றில் திடீரென்று பெரிய தொகை விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கடிதம் வேண்டும். அக்காவும் வரட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (காலை 7.41)

தேசிக்காயையும் கொண்டு போகச் சொல்லுங்கள். மருதானை வெயிலுக்கு நானா கரைத்துக் குடிக்கலாம்.