சுங்குடிச் சேலை விற்பனைக்கு இன்ஸ்டாகிராம் விளம்பரம் தேவையா?

கேள்வி: மதுரையில் என் அம்மா வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலைகள் (துணியில் நூலால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றுபவை) விற்கிறார். ஆறு மாதங்களாக இன்ஸ்டாகிராமில் படம் போட்டும் லைக் வருகிறதே தவிர, வாங்குபவர்கள் குறைவு. விளம்பரத்துக்குப் பணம் செலவிடலாமா?

பதில் 1: இப்போது வேண்டாம். முதலில் பதிவிலேயே விலையை எழுதுங்கள். தனிச்செய்தியில் விலை கேட்கக் கூச்சப்பட்டே பலர் நகர்ந்துவிடுவார்கள். அடுத்து, சாயம் காய்ந்த துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும்போது நூல் முடிச்சுகள் படபடவென்று அவிழ்ந்து வெள்ளைப் புள்ளிகள் வெளிப்படும் அந்தச் சில நொடிகளைச் செங்குத்தாகப் படமெடுத்து ரீல்ஸாகப் போடுங்கள். அச்சுச் சேலை விற்பவரால் அதைக் காட்டவே முடியாது.

பதில் 2: வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் சேலைகளைப் படத்தோடு பட்டியலிடும் கேட்டலாக் வசதி இலவசம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும் என்பதால், பார்சலில் வைக்கும் சீட்டிலேயே எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 3: ஃபில்டர் மட்டும் வேண்டாம். அரக்கு நிறம் படத்தில் சிவப்பாகத் தெரிந்ததால் எனக்கு இரண்டு சேலைகள் திரும்பி வந்தன. காலையில் ஜன்னலோரமாக வைத்து எடுங்கள்.

கேட்டவர்: நன்றி. முடிச்சு அவிழ்ப்பது அம்மாவுக்கு அன்றாட வேலை என்பதால், அதைப் படமெடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.